இலை எண்ணும் நல்லிணக்கம்

பொது விருந்து நடந்தேறியது. பல சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்தனர். படம் எடுத்தாயிற்று, ஏட்டிலும் வந்தாயிற்று. நல்லிணக்கக் குழு தன் ஆண்டுக் கடமையை முடித்துக்கொண்டது. இனி அடுத்த ஆண்டு, அதே நாள், அதே பந்தி, அதே படம். இலைக்கு எதிரே அமரும் முகங்கள்கூடப் பெரும்பாலும் அதே முகங்கள்தாம்!

நாம் விருந்தை வெறுப்பவரல்லர். ஒன்றாக அமர்ந்து உண்பது இந்த நாட்டிலே ஒரு காலத்தில் போராட்டமாக இருந்தது. சேரன்மாதேவிக் குருகுலத்திலே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்று வைத்தார்கள். அதை எதிர்த்து எழுந்த புயல் 1925ஆம் ஆண்டின் அரசியலையே புரட்டிப் போட்டது. ‘தேசியக் கல்வி’ கொடுக்க வந்த இடத்திலேயே சோற்றுக்குச் சாதி பார்த்தால், நாளை நாடு விடுதலை பெற்று என்ன பயன் என்று கேட்டவர் பெரியார். அந்தக் கேள்விக்குப் பின்னே ஓர் இயக்கமே திரண்டது. அன்று பந்தி ஒரு போர்க்களம். இன்று அதே பந்தி ஒரு நிகழ்ச்சி நிரலின் மூன்றாவது வரி. வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் நடுவே வருவது.

ஆகஸ்டு 15ஆம் நாளிலும், அண்ணா மறைந்த பிப்ரவரி 3ஆம் நாளிலும் அறநிலையத் துறையின் ஆட்சியிலுள்ள கோயில்களிலே சிறப்பு வழிபாடும் பொது விருந்தும் நடப்பது வழக்கம். அண்ணா பிறந்த காஞ்சியில் கேட்கவேண்டுமா! கடவுள் மறுப்பாளரின் கட்சியைத் தோற்றுவித்தவர் நினைவைக் கோயிலிலே சோறு போட்டுக் கொண்டாடும் வேடிக்கையை இப்போது விட்டுவிடுவோம். அந்த விருந்தைத் திட்டமிடுபவர் எதைத் திட்டமிடுகிறார் என்பதுதான் நமது கேள்வி. எத்தனை இலை? யார் யாருக்கு முன்வரிசை? இனிப்பு என்ன? இவைதாம் திட்டம். உண்டு எழுந்தவர் அன்று மாலை எந்தத் தெருவுக்குத் திரும்புகிறார், அவர் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் பிணம் எந்தப் பாதையில் போகிறது, அந்தப் பாதைக்குக் குறுக்கே எவருடைய வேலி நிற்கிறது என்பதெல்லாம் எந்த நிகழ்ச்சி நிரலிலும் ஏறுவதில்லை.

இதைப் பற்றி இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. இத்தகைய குழுக்களிலே தொண்டராகச் சேரும்படி இளைஞர்களுக்கு அழைப்பு வருகிறது. படித்தவர், பேசத் தெரிந்தவர், சாதிப் பெயரைத் துறந்தவர் என்றால் அழைப்பு விரைவில் வரும். போகலாமா, போவது நம்மை நாமே படத்திலே ஒட்டிக்கொள்வதாகுமா என்று தோழர்கள் கேட்கின்றனர். ‘எல்லாம் கண்துடைப்பு, போகாதே’ என்று சொல்லிவிடுவது எளிது. அவ்வாறு சொல்லி வீட்டில் உட்கார்ந்திருப்பவரும் பலர். நாம் அதைச் சொல்லவில்லை. ஆனால், போகுமுன் அந்தக் குழு தன் வேலையை எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும் என்கிறோம். நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறதா? ஊரின் குறையிலிருந்து தொடங்குகிறதா?

நாட்காட்டி என்று சொன்னோமல்லவா, அதைச் சற்றே புரட்டுவோம். சனவரி 24 முதல் 30 வரை மனிதநேய வார விழா. பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, பரிசளிப்பு. சனவரி 30 தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி. 2021ஆம் ஆண்டு பெரியார் பிறந்த செப்டம்பர் 17 சமூகநீதி நாள் என்று அறிவிக்கப்பட்டது, அதற்கோர் உறுதிமொழி. 2022ஆம் ஆண்டு அம்பேத்கர் பிறந்த ஏப்ரல் 14 சமத்துவ நாள் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கும் ஓர் உறுதிமொழி. பெரியாரும் அம்பேத்கரும் அரசு அலுவலகங்களிலே உறுதிமொழியாக ஒலிப்பது சிறு செய்தியன்று. அரை நூற்றாண்டுக்கு முன் கனவிலும் எண்ணியிருக்க மாட்டார்கள். மகிழ்கிறோம். ஆயினும் வலக்கையை நீட்டி உறுதி கூறிய அலுவலர் மறுநாள் அதே ஊரிலே இரட்டைக் குவளையைக் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று உறுதிமொழித் தாளில் எழுதியிருக்கவில்லை. அதை எழுதுவதுதான் குழுவின் வேலை.

எழுதப்பட்ட இடமும் ஒன்று உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் 1989ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 1995இல் விதிகள் வகுத்தார்கள். அவற்றில் 17ஆவது விதி, மாவட்டந்தோறும் ஒரு விழிப்பு, கண்காணிப்புக் குழு அமையவேண்டும் என்கிறது. ஆட்சியர் தலைவர். நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்கள், காவல் கண்காணிப்பாளர், பட்டியல் இனத்து உயர் அலுவலர் மூவர் உறுப்பினர். அலுவலர் அல்லாதாரும் உண்டு: பட்டியல் சாதி, பழங்குடியினரிலிருந்து ஐவர் வரை, பிற வகுப்பாரில் தொண்டு நிறுவனத் தொடர்புடையோர் மூவர் வரை. மூன்று திங்களுக்கு ஒருமுறையேனும் கூடவேண்டும். சட்டம் எவ்வாறு செயற்படுகிறது, பாதிக்கப்பட்டவர்க்கு உதவித்தொகை சேர்ந்ததா, வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று அலசவேண்டும். இவையனைத்தும் புண் பட்டபின் கட்டுப் போடும் வேலை. ஆனால் அதே விதிகளில் 3ஆவது விதியைப் பாருங்கள். எங்கே வன்கொடுமை நிகழக்கூடும் என்று நம்பக் காரணம் இருக்கிறதோ, அந்தப் பகுதியை முன்னதாகவே கண்டறியவேண்டும் என்று அது மாநில அரசைப் பணிக்கிறது. முன்னதாகவே! இந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டால் போதும், ஒரு குழுவுக்கு ஆண்டு முழுதும் வேலை இருக்கிறது.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலிலே, ஆதிதிராவிட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிய வந்தது. நாடு அதிர்ந்தது. அதிகாரிகள் விரைந்தனர். விரைந்து சென்ற பிறகுதான், அந்த வட்டாரத்துத் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை இருப்பதும், கோயிலுக்குள் அம்மக்கள் விடப்படாததும் அதிகார பூர்வமாகத் ‘தெரிந்தன’. ஆட்சியர் அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துச் சென்றார். பாராட்டுவோம். தொட்டியில் கலந்தவர் யார் என்ற வழக்கு வேறு. அதிலே பல ஆண்டுகள் பல திருப்பங்கள். நாம் பேசுவது குவளையைப் பற்றி. அந்தக் குவளை டிசம்பரில் திடீரென முளைத்ததா? தேநீர் குடிக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்த செய்தி, ஆட்சியர் அலுவலகத்துக்கு மட்டும் தெரியவில்லை. மூன்று திங்களுக்கொருமுறை கூடவேண்டிய குழு விதியிலே இருந்தது. குவளை கடையிலே இருந்தது. இரண்டையும் சந்திக்க வைக்க ஒரு தொண்டர் இல்லை.

கடல் கடந்தும் இந்தக் கதை உண்டு. 1919ஆம் ஆண்டு சூலையில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ஏரிக்கரையிலே கறுப்பின இளைஞர் சிலர் தெப்பத்தில் மிதந்து விளையாடிக்கொண்டிருந்தனர். நீரிலே கோடு கிடையாது. ஆனால் கரையிலே உண்டு: இந்தப் பக்கம் வெள்ளையருக்கு, அந்தப் பக்கம் கறுப்பருக்கு. கண்ணுக்குத் தெரியாத அந்தக் கோட்டைத் தெப்பம் கடந்தது. கல் பறந்தது. 17 வயதுப் பிள்ளை நீரில் மூழ்கி மாண்டான். அதன்பின் மூண்ட கலவரத்தில் 38 பேர் மாண்டனர். 23 பேர் கறுப்பர், 15 பேர் வெள்ளையர். நம்மூர்க் குளத்துப் படித்துறைகளை நினைத்துக்கொண்டால், இந்தக் கதை அந்நியமாகத் தோன்றாது.

அதன்பின் அங்கே ஒரு குழு அமைத்தார்கள். கறுப்பர் அறுவர், வெள்ளையர் அறுவர், ஆகப் பன்னிருவர். விருந்து வைக்கவில்லை அவர்கள். சார்லசு சான்சன் என்ற கறுப்பின ஆய்வாளர் ஆய்வுப் பணியை முன்னின்று நடத்தினார். எந்தத் தெருவில் யாருக்கு வீடு கொடுக்கிறார்கள், எந்தத் தொழிற்சாலையில் யாருக்கு எந்த வேலை, எந்தச் செய்தித்தாள் கறுப்பரைப் பற்றி எந்தத் தலைப்பில் எழுதுகிறது, காவலர் யாரைப் பிடிக்கின்றனர் என்றெல்லாம் தேடித் திரட்டி 1922இல் ஒரு பெரும் நூலாக வெளியிட்டனர். குடியிருப்பு, வேலை, ஏடு, காவல் என்று பார்த்துப் பார்த்து எழுதிய அந்த முறையை இன்றும் நாம் கற்றுக்கொள்ளலாம்.

கற்றுக்கொள்ளவேண்டிய மற்றொரு பாதியும் உண்டு. அக்குழுவுக்குச் சொல்லத்தான் உரிமை இருந்தது. செய்விக்க உரிமை இல்லை. நூல் வந்தது, பரிந்துரை வந்தது, வீட்டுச் சுவர்கள் மட்டும் அசையவில்லை. பின்வந்த பல பத்தாண்டுகளிலும் சிகாகோவின் குடியிருப்புகள் நிறத்தால் பிரிந்தே கிடந்தன. ஆகவே கணக்கெடுப்பது பாதி. கணக்கை யாரிடம் கொடுத்து எந்த நாளுக்குள் விடை கேட்பது என்பது மறுபாதி.

நம் நாட்டிலே கணக்கோடு தொடங்கிய திட்டம் இல்லையா? இருக்கிறது. தென் மாவட்டங்களில் சாதிக் கலவரங்கள் மூண்டபின் 1997இல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதல் சமத்துவபுரம் 1998ஆம் ஆண்டு ஆகஸ்டில் மதுரை மாவட்டத்து மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடுகள்: ஆதிதிராவிடருக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, பிறருக்கு 10. வீடுகள் கலந்து கொடுக்கப்படும்; ஒரு சாதிக்கு ஒரு தெரு கிடையாது. சமுதாயக் கூடம் பொது. சுடுகாடு பொது. நுழைவாயிலில் பெரியார் சிலை. உள்ளே வழிபாட்டிடம் இல்லை. நல்லெண்ணத்தை நம்பி விட்டுவிடாமல், எண்ணாக எழுதி வைத்த திட்டம் என்பதே அதன் சிறப்பு. அடுத்த வீட்டுக்காரர் யார் என்பதை அரசு எழுதிக் கொடுத்தது. அங்கே குடியேறியவர் பிள்ளைகள் பிறகு என்ன ஆயினர், அவர்கள் திருமணம் எவ்வாறு நடந்தது, புரத்துக்கு வெளியே வேலை தேடிப் போனபோது பழைய சாதி அவர்களைப் பின்தொடர்ந்ததா என்று தொடர்ந்து பார்ப்பதற்கும் ஒரு குழு இருந்திருக்குமானால் திட்டம் முழுமையடைந்திருக்கும். வீடு கட்டுவது பொறியாளரால் முடியும். அண்டை வீட்டாரை உறவாக்குவது முடியாதே!

எண்ணாக எழுதவேண்டும் என்பது புதிய கோரிக்கையன்று. காஞ்சிபுரத்துக்கு அது நன்கு தெரிந்த கோரிக்கை. 1925ஆம் ஆண்டு நவம்பரில் இந்த நகரில்தான், திரு.வி.க. தலைமையில் நடந்த காங்கிரசு மாநாட்டிலே, வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்தைப் பெரியார் கொண்டுவந்தார். இடம் மறுக்கப்பட்டது. வெளியேறினார். மாநாட்டில் இருந்தோர் பலரும் ஒற்றுமை, தேசியம், சகோதரத்துவம் என்று பேசியவர்கள்தாம். அந்தச் சகோதரர் எத்தனை பேர், எந்த நாற்காலியில் என்று கேட்டவுடன்தான் கசந்தது. மூன்றாண்டு கழித்து, 1928இல் முத்தையா முதலியார் அமைச்சராக இருந்தபோது வகுப்புரிமை ஆணை நடைமுறைக்கு வந்தது. 12 இடங்களென்றால் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 5, பார்ப்பனருக்கு 2, முசுலிம்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர், கிறித்தவருக்கு 2, ஒடுக்கப்பட்டோருக்கு 1. அந்த ஒன்று போதாது என்று இன்று எவரும் சொல்வர். சொல்ல முடிகிறதே, ஏன்? எண் எழுதப்பட்டிருந்தது, ஆகவே குறை தெரிந்தது.

காஞ்சியை இன்னும் சற்று நெருங்கிப் பார்ப்போம். கோயில்கள் நிறைந்த ஊர். அறநிலையச் சட்டப்படி அறங்காவலர் குழுவிலே பட்டியல் இனத்தவர் ஒருவரும் பெண் ஒருவரும் இடம்பெறவேண்டும். சம்பளம் இல்லாத பொறுப்பு. இட ஒதுக்கீடு தாளில் அழகாக இருக்கிறது. அந்த ஒருவர் கூட்டத்தில் என்ன பேசினார், பேச விட்டார்களா என்று அவ்வூர் நல்லிணக்கக் குழு எதுவும் கேட்டதாக நாம் அறியோம். வரதராசர் கோயிலிலே வடகலையாரும் தென்கலையாரும் யார் முன்னே நின்று ஓதுவது என்று தலைமுறை தலைமுறையாக நீதிமன்றம் ஏறுகின்றனர். அவர்களுக்குள்ளேயே நல்லிணக்கம் உண்டாக்க முடியாத இடத்தில் நமக்கு வேலையில்லை; நகருவோம்.

தறிக்கு வருவோம். தெருவிலே பாவு நீட்டும் காட்சியைப் பாராமல் இங்கே வளர்ந்தவர் இல்லை. சாலியர், செங்குந்தர் என்று குலத்தொழிலாக எண்ணப்பட்ட பட்டு நெசவு, சுற்றியுள்ள சிற்றூர்களில் வன்னியர் வீட்டிலும் ஆதிதிராவிடர் வீட்டிலும் புகுந்து வெகுகாலமாகிறது. ‘எங்கள் நெசவில் சாதி இல்லை’ என்று சொல்லக் கேட்கிறோம். தறியிலே இல்லாமலிருக்கலாம். கூட்டுறவுச் சங்கத்து நிருவாகத்தில்? சரிகையும் நூலும் கொடுத்துக் கூலிக்கு நெய்விக்கும் முதலாளிமார் வரிசையில்? தறியில் அமர்பவர் பெயர் ஏட்டில் இருக்கும். தார் சுற்றிக் கொடுத்து, பாவு பிணைத்துக் கொடுத்து, அடுப்பையும் பார்க்கும் பெண்ணின் பெயர் பெரும்பாலும் இராது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். கரையின் நிறம் வேறு, உடலின் நிறம் வேறு, இரண்டையும் பிணைக்க மறுபுறம் ஒரு கை வேண்டும். நெடுங்காலம் அந்த மறுகை ஒரு குழந்தையின் கையாக இருந்தது.

இந்த ஊரில் திட்டமிட்ட தொண்டு என்றால் என்ன என்பதற்கு நாம் காட்டக்கூடிய சான்று இந்தக் குழந்தைகளின் கதைதான். 1990களில் காஞ்சிப் பட்டுத் தறிகளிலே பிள்ளைகள் உழைப்பது நாடறிந்த வடுவாயிற்று. அப்போது, ‘குழந்தைகளை நேசிப்போம்’ என்று ஊர்வலம் மட்டும் போயிருந்தால் ஒரு பிள்ளையும் பள்ளிக்கு வந்திராது. தொண்டர்கள் தெருத்தெருவாகப் போய்ப் பெயர் எழுதினர். எந்த வீட்டில் எந்தப் பிள்ளை, எத்தனை வயது, எவரிடம் எவ்வளவு முன்பணம் வாங்கியதற்காகத் தறியில் கட்டுண்டிருக்கிறது என்று பார்த்தனர். முன்பணம் என்ற கயிறு தெரிந்தபிறகுதான் அவிழ்க்க வழி தெரிந்தது. தறியிலிருந்து வந்த பிள்ளையை நேரே ஐந்தாம் வகுப்பில் உட்கார வைத்தால் அடுத்த வாரம் ஓடிவிடும். அதற்கென்று சிறப்புப் பள்ளிகள் நடத்தி, எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுத்துப் பின்னர் வகுப்பில் சேர்த்தனர். ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. படம் எடுக்கத் தோதான வேலையன்று. ஆனால் அவ்வாறு வந்த பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பெற்றோர் இன்று எம் வகுப்பறைகளின் வாசலுக்கு வருகின்றனர்.

பள்ளி என்றதும் இன்னொன்று. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் நாங்குநேரியிலே பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினர். நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்தது; 2024ஆம் ஆண்டு சூனில் அறிக்கை தந்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, பள்ளிப் பெயரிலுள்ள சாதி ஒட்டு, ஒரு வட்டாரத்தின் பெரும்பான்மைச் சாதி ஆசிரியரே அங்கே தலைமையேற்பது என்று ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டியது அது. கயிற்றைப் பற்றித்தான் ஏடுகள் எழுதின. அதுதான் கண்ணுக்குத் தெரிவது. ஆசிரியரைப் பற்றிச் சொன்னதை ஆசிரியர்களாகிய நாமே விவாதிக்கத் தயங்குகிறோம். கயிற்றை மாணவன் கையிலிருந்து கழற்றுவது எளிது; ஆசிரியர் அறையிலே ‘நம்ம பசங்க’ என்று சொல்லும் நாவிலிருந்து எவர் கழற்றுவார்?

நம்மவர்களையும் விட்டுவிட முடியாது. பகுத்தறிவு மன்றம் என்று பலகை மாட்டிய இடத்திலும் ஆண்டுத் திட்டம் என்பது பிறந்தநாள் இரண்டு, நினைவுநாள் இரண்டு, சிலைக்கு மாலை, ஒரு பட்டிமன்றம் என்று முடிவது உண்டு. சேரிக்குச் சென்று கொடியேற்றிவிட்டு ஊர்த் தெருவுக்குத் திரும்பித் தேநீர் குடிக்கும் கூட்டம் நம்மிலும் உண்டு. சாதி மறுப்புத் திருமணத்துக்கு மேடையில் வாழ்த்துக் கூறிய கையோடு, மணமக்கள் வாடகைக்கு வீடு தேடி அலைகின்றபோது காணாமற்போகும் தோழர்களும் உண்டு. ‘எந்த ஆளுங்க?’ என்று வீட்டுக்காரர் கேட்கும் இடத்தில்தான் தொண்டர் நிற்கவேண்டும். திருமண மேடையில் நிற்க ஆள் குறைவில்லை.

ஆகவே சேரலாமா என்று கேட்கும் தோழர்களுக்கு: சேருங்கள். வழி திறந்திருக்கிறது. சிற்றூரில் கிராம சபை உண்டு. நகரத்திலே 2022இல் வந்த விதிகளின்படி வார்டுகள் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுப் பகுதி சபைகள் அமைந்தன. அவ்வாண்டு நவம்பர் முதல் நாள் முதன்முறையாகக் கூடின. மூன்று திங்களுக்கொருமுறை அவை கூடவேண்டும். அதற்கு வகுத்த நாள்களிலே அம்பேத்கர் பிறந்தநாளும் அண்ணா பிறந்தநாளும் மனித உரிமை நாளும் இருக்கின்றன. நாள் நன்றாக இருக்கிறது. பொருள் என்ன வைக்கிறார்கள்? சாக்கடை, தெருவிளக்கு, குப்பை வண்டி. வேண்டியவைதாம். சாக்கடைக்குள் இறங்குபவர் யார் என்று கேட்டால் அதுவே சாதியின் கேள்வியாகிவிடும், கேட்பார் இல்லை.

கூட்டத்துக்குப் போகுமுன் ஒரு மாதம் நடக்கவேண்டும். ஐந்து தோழர் போதும். ஐவரும் ஒரே தெருப் பிள்ளைகளாக இருக்கலாகாது. ஒருவரேனும் பெண்ணாக இருக்கவேண்டும், இல்லையேல் பாதி வீடுகளிலே வாசலோடு நிற்கவேண்டிவரும். ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சுடுகாட்டுக்குப் போகும் பாதைகளை நடந்து பாருங்கள்; எத்தனை சுடுகாடு, எது எவருக்கு, எதற்குச் சாலை உண்டு, எதற்கு வரப்புதான் பாதை என்று எழுதுங்கள். சாதி வேறுபாடற்ற சுடுகாடுள்ள சிற்றூர்களுக்கு 10 இலட்சம் ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021இல் அரசு அறிவித்தது. அதை உங்கள் ஊருக்கு ஏன் கேட்கவில்லை, யார் கேட்க விடவில்லை என்பதையும் எழுதுங்கள். தேநீர்க் கடைகளில் உட்கார்ந்து பாருங்கள். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். வாடகை வீடு தேடுவோரோடு ஒரு நாள் அலையுங்கள். முடிதிருத்தும் கடை, முடிவெட்ட மறுக்கும் நாற்காலி, அதையும் விட்டுவிடாதீர்கள்.

ஒரு மாதத்தில் பத்துப் பக்கம் நிரம்பும். அதிலே எது மூன்று திங்களில் தீரக்கூடியது என்று ஒன்றை மட்டும் எடுங்கள். மனுவாக எழுதுங்கள், இரண்டு படி எடுங்கள், பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். சபையிலே படித்துத் தீர்மான ஏட்டில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த சபையில் எழுந்து, சென்ற முறை ஏற்றிய தீர்மானம் என்னவாயிற்று என்று கேளுங்கள். விருந்துக்கு அழைத்தால் அதற்கும் போங்கள், நோட்டோடு.